ஆள் சாகாத எபிசோட்

"ட்ட்ட்டட்... டமார்!" என்று மைக்கில் ஒருமுறை சுட்டுப் பார்த்துக்கொள்கிறார் டும்பா. திரையில் இன்னும் படம் வரவில்லை. இஞ்சி போட்ட வெந்நீரில் ஒரு வாய் கொப்பளித்து, கொட்டகையின் பலகைச் சுவர் இடுக்கு வழியாக வெளியே துப்புகிறார். வெளியே ஒரு பெண்குரல் திட்டுகிறது. "மன்னிக்கணும் ன்யாபோ, யாரும் இல்லேன்னு நெனச்சிட்டேன்" என்று அம்மா போட்டு மைக்கிலேயே பதில் போகிறது. பெஞ்சுகளில் சிரிப்பு. உலகம் அழிந்து முப்பது வருஷம் கழித்து நடக்கிற தொடர், காட்டோசி மீன்துறையில், பகல் இரண்டு மணிக்குச் சரியாகத் தொடங்கிவிடுகிறது.

டும்பாவைத் துறையில் எல்லோரும் 'விஜே' என்பார்கள். வெளிநாட்டுப் படம் ஓடும்போது கூடவே உட்கார்ந்து, அதில் பேசுவதை நம் பாஷையில் மைக்கில் சொல்கிறவருக்கு இங்கே அதுதான் பட்டம். ஐம்பத்திரண்டு வயது. ஒடிசலான உடம்பு. அதற்குச் சம்பந்தமில்லாத தடித்த கழுத்து. ஏரிக்காற்று நின்றுபோய்த் தகரக் கூரை கொதிக்கிற நாளிலும் கழுத்தில் ரோமம் வைத்த குளிர்கோட்டைக் கழற்றமாட்டார். "பனியில நடக்கற கதையை பனியன் போட்டுக்கிட்டா சொல்றது?" என்பார். இங்கிலீஷ் அவருக்கு முக்கால்வாசி தெரியும். மீதிக் கால்வாசியில்தான் அவருடைய கலை இருக்கிறது.

அந்தத் தொடரின் கதாநாயகனுக்கு அவர் வைத்த பெயர் சலோங்கோ. இரட்டைப் பிள்ளைகளைப் பெற்ற தகப்பனை மரியாதையாக அழைக்கும் சொல் அது. திரையிலோ அந்த ஆளுக்கு ஒரே ஒரு பெண்குழந்தைதான். "இன்னொண்ணு எங்கே செபோ?" என்று முதல் நாளே ஐயா போட்டுக் கேட்டார் வலைக்காரர் லுபேகா. "உலகம் அழியறப்ப தவறிப்போச்சு" என்றார் டும்பா, ஒரு நொடிகூட யோசிக்காமல். அன்று முழுக்க அந்தப் பிள்ளைக்காகக் கொட்டகை வருத்தப்பட்டது. முகத்தில் தகரத் தகடு கட்டிக்கொண்டு ஊர் ஊராகக் கொள்ளையடிக்கிற கூட்டம் ஒன்று கதையில் உண்டு. அவர்களுக்குப் பெயர் தகரமூஞ்சிகள்.

பெஞ்சில் உட்காருகிறவர்கள் பெரும்பாலும் இரவெல்லாம் விளக்குப் படகில் போய், நெத்திலியை விடச் சின்னதான முக்கெனே மீனை அள்ளிவிட்டு வருகிறவர்கள். காலையில் தூங்கிவிட்டு, மத்தியானம் எழுந்த கண்ணோடு வருவார்கள். அவர்களை மறுபடி தூங்கவிடாமல் வைத்திருப்பதுதான் தன் தொழில் என்பது டும்பாவின் கணக்கு. அதற்கு அவர் ஒரு சட்டம் வைத்திருக்கிறார். அவருடைய ஒட்டுப்பலகைக் கூண்டில் திரையைப் பார்த்தபடி ஒரு சதுர ஓட்டை இருக்கிறது. படத்தில் பேச்சு நின்றால் போதும், அந்த ஓட்டை வழியே ஒரு கை வெளியே வரும். ஒன்று, இரண்டு, மூன்று என்று விரல் நீளும். மூன்றுக்குள் திரையில் யாரும் பேசாவிட்டால் டும்பா பேசுவார். "சும்மா இருக்கறதுக்கு ஜனங்க வீட்டுலயே இருந்திருப்பாங்களே" என்பது அவர் நியாயம்.

பேச எதுவும் இல்லாவிட்டாலும் பேச்சு வரும். "சலோங்கோ மெதுவா நடக்கறான்... வாசல்ல செவப்பு பைக்கை வெச்சவரு எடுத்துடுங்க... கதவைத் தொடறான்... ஆடு சீட்டைத் தின்னுக்கிட்டிருக்கு, நான் சொல்லியாச்சு... டமார்!" மைக்கின் தலையில் சோடா மூடியால் தட்டுவார். கைத்துப்பாக்கிக்கு ஒரு தட்டு, நீளத் துப்பாக்கிக்கு மூடியைத் திருப்பி இரண்டு தட்டு. பன்னிரண்டு வகைத் துப்பாக்கி அவருக்குக் கைவசம்.

வீட்டிலும் இதே கதைதான். மனைவி நகிபூக்கா கரையில் முக்கெனே காயப்போடுகிறவள். சாயங்காலம் அடுப்படியில் உட்கார்ந்தால், பின்னாலேயே குரல் வரும்: "இதோ கத்தியை எடுத்துட்டா. வாழைக்காயைப் பாக்கறா. வாழைக்காய்க்கு ஒண்ணும் தெரியாது, பாவம்." அவள் திரும்பாமலே சொல்வாள்: "அடுத்தது உன் நாக்கு. அதையும் சொல்லிடு."

இப்படிப்பட்ட மனிதருக்கு இந்த உலகத்தில் பரம எதிரி என்று ஒன்று இருந்தால், அது ஆள் சாகாத எபிசோட்.

கம்பாலாவிலிருந்து வரும் பஸ் கண்டக்டர், வாராவாரம் திங்கட்கிழமை நாலைந்து எபிசோடுகளை ஃப்ளாஷ் டிரைவில் கொண்டுவந்து கொடுப்பார். டும்பா அவற்றை வேகமாக ஓட்டி, துப்பாக்கி வெடிக்கிற இடத்தில் மட்டும் நிறுத்திப் பார்த்து, எத்தனை பேர் சாகிறார்கள் என்று கூண்டின் சுவரில் சாக்பீஸால் கோடு போடுவார். ஐந்து கோட்டுக்கு மேல் இருந்தால் நல்ல எபிசோட். இரண்டு இருந்தால் சமாளிக்கலாம். கோடே விழாத எபிசோடைத் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். "உலகம் அழிஞ்சுபோச்சுன்னு காசு வாங்கிட்டு, உள்ளே ரெண்டு பேரு உக்காந்து பேசிக்கிட்டிருந்தா அது மோசடியில்ல? தோட்டா தீர்ந்துபோன வாரம் இப்படி எடுப்பாங்க. இல்லேன்னா கதாநாயகனுக்குக் காய்ச்சல். எனக்குத் தெரியும், நான் இருபது வருஷமா பாக்கறேன்."

ஏழாவது எபிசோடுக்கு ஒரு கோடுகூட விழவில்லை. தள்ளிவிட்டார்.

எட்டாவது ஆரம்பித்ததும் சிக்கல் வந்தது. நரைத்த தலையோடு ஒரு பெண் சலோங்கோவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து வருகிறாள். யார் இவள்? முந்தின எபிசோடில் அவர்கள் சந்தித்திருக்க வேண்டும். அதைத்தான் அவர் பார்க்கவில்லையே. 'தெரியாது' என்று சொல்கிற விஜேயைக் காட்டோசி இதுவரை கண்டதில்லை. சதுர ஓட்டையில் மூன்று விரலும் நீண்டு முடிந்தன. "இவ பேரு நம்பூசி" என்றார் டும்பா. "தகரமூஞ்சிகளோட உளவாளி!"

கொட்டகை கொதித்தது. அதன் பிறகு அந்தப் பெண் திரையில் வாயைத் திறந்தபோதெல்லாம் டும்பா அவள் தலையில் பாவத்தை ஏற்றினார். அவள் சலோங்கோவிடம் "ஜாக்கிரதையா இரு" என்றபோது, இவர் மைக்கில், "நீ இருக்கற இடத்தை அவங்களுக்குச் சொல்லிட்டேன், ஹாஹாஹா" என்றார். குழந்தைக்கு அவள் தலை பின்னிவிட்டபோது, "கழுத்தை அளவு பாக்கறா" என்றார். லுபேகா பெஞ்சின் மேல் ஏறி நின்று சலோங்கோவை எச்சரித்தார்.

ஒன்பதாவதில், தகரமூஞ்சிகள் சுட்ட குண்டைக் குழந்தைக்கு முன்னால் பாய்ந்து தன் மார்பில் வாங்கிக்கொண்டு நம்பூசி செத்தாள். கொட்டகையில் தொப்பிகள் பறந்தன. விசில். யாரோ ஒருவர் எல்லோருக்கும் வறுத்த கடலை வாங்கினார். திரையில் மட்டும் சலோங்கோ அவளை மடியில் போட்டுக்கொண்டு கதறிக் கதறி அழுதான்.

"எதிரி செத்ததுக்கு இவன் ஏன்யா அழறான்?" என்றார் லுபேகா.

"ஆனந்தக் கண்ணீர்" என்றார் டும்பா.

சலோங்கோ குழி வெட்டினான். "பெரிய மனசு, எதிரிக்கும் குழி வெட்டறான்." குழியின் மேல் அவளுடைய செருப்பை வைத்து அணைத்துக்கொண்டான். "செருப்புக்குள்ள சேதி ஒளிச்சு வெச்சிருக்காளான்னு பாக்கறான்." மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தான். டும்பா இஞ்சித் தண்ணீரை எடுத்து வாயில் ஊற்றிக்கொண்டார். அப்போதுதான் தெருவைத் தாண்டி அந்தச் சத்தம் வந்தது. எதிர்க் கொட்டகையிலும் அதே தொடர், அதே ஒன்பதாவது எபிசோட். அங்கே நாற்பது பேர் ஒரே சமயத்தில் விம்மிக்கொண்டிருந்தார்கள்.

அன்று சாயங்காலம் நகிபூக்கா கண்கள் வீங்கிப்போய் வீடு வந்தாள்.

"கண்ணுல என்ன?"

"மீன் தூசி."

"ரெண்டு கண்ணுலயும் அளந்து வெச்ச மாதிரி விழுமா?"

அவள் கூடையை இறக்கி வைத்தாள். "எதிர்க் கொட்டகைக்குப் போயிருந்தேன். போ. என்ன பண்ணப்போறே?"

டும்பாவின் நெஞ்சில் பன்னிரண்டு வகைத் துப்பாக்கியும் ஒன்றாக வெடித்தன. இருபத்தாறு வருஷம் ஒரே பாயில் படுத்தவள், எதிரியின் பெஞ்சில் போய் அழுதுவிட்டு வந்திருக்கிறாள்! "அந்த எதிர்க் கொட்டகை விஜே கிவும்பி அப்படி என்னத்தைச் சொல்லிட்டான்?"

"அவன் எங்க சொன்னான்? ஏழாவதைப் போட்டுட்டு, முட்டை சுத்தின சப்பாத்தி தின்ன வெளியே போயிட்டான். கடையில கூட்டம் போல, திரும்பவே இல்ல. படம் பாட்டுக்கு ஓடிச்சு."

"ஏழாவதுல யாருமே சாகலையே!"

"சாகல. அந்த நரைச்ச தலைக்காரி கெழங்கு சீவினா. அவரு கூரை ஒழுகலை அடைச்சாரு. ரெண்டு பேரும் சாப்பிட்டாங்க."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

"இதுக்கு அழுதியா?"

"இதுக்கு யாரு அழுதா? ஒன்பதாவதுலதான் அழுதேன்." நகிபூக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஏழாவதுல அவ வீட்டுக்குப் போயிட்டு வந்தோம். ஒன்பதாவதுல அந்த வீட்டுல சாவு. அழாம?" பிறகு, கரையில் யாரோ சொன்னது நினைவுக்கு வந்து நிமிர்ந்தாள். "நீ அவளை உளவாளின்னியாமே! பாவி மனுஷா, அவ உனக்கு என்ன பண்ணினா?"

அந்த இரவு டும்பா மனைவியின் சமையலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் கொட்டகைச் சொந்தக்காரி நலுமான்சி வந்தாள். கனத்த சரீரம், இடுப்பில் அகலப் பட்டை கட்டிய கோமேசி உடுப்பு, கழுத்தில் சாவியோடு சேர்த்துக் கயிற்றில் கோத்த ஒரு ஃப்ளாஷ். அவளுக்கு முன்னால் பாதி பெஞ்சு காலியாகக் கிடந்தது. ஃப்ளாஷில் இருந்தது கம்பாலா விஜே ஒருவர் ஏற்கெனவே பேசிப் பதிவுசெய்த தொடர்கள். அதைப் போட்டால் கூண்டில் ஆள் வேண்டாம், இஞ்சித் தண்ணீர் வேண்டாம். எத்தனையோ துறைகளில் இப்போது அந்த ஒரே தொண்டைதான் பேசுகிறது.

"நாளைக்குச் சனிக்கிழமை" என்றாள் நலுமான்சி. "ஏழு, எட்டு, ஒன்பது மூணையும் மறுபடி போடு. எதிர்ல அழுதாங்க இல்ல, இங்கயும் அழணும். அழலேன்னா திங்கள்லேர்ந்து இதுதான் ஓடும். மைக்கைத் துடைச்சு எங்கிட்ட குடுத்துடு."

"அழணுமா? நானே மைக்குல அழுது காட்டறேன் ன்யாபோ. எனக்கு நாலு வகை அழுகை வரும்."

"நீ அழுதா அவங்க சிரிப்பாங்க, டும்பா."

சனிக்கிழமை பெஞ்சு நிறைந்துவிட்டது. டும்பா மாட்டிக்கொண்ட செய்தி காட்டோசி முழுக்கப் பரவியிருந்தது. அதைப் பார்க்கவே பாதிப் பேர் வந்தார்கள். முதல் பெஞ்சில் நகிபூக்கா, மடியில் கூடையோடு, நீதிபதி மாதிரி உட்கார்ந்திருந்தாள். அன்று டும்பா மைக்கில் சுட்டுப் பார்க்கவில்லை.

ஏழாவது எபிசோட் திரையில் வந்தது. செத்துப்போன உளவாளி உயிரோடு வாசலில் நின்று, சலோங்கோவை உள்ளே கூப்பிட்டாள்.

"இது வேற ஆளு" என்றார் டும்பா வேகமாக. "செத்தவளோட ரெட்டைப் பிறவி. ரெண்டு பேருக்கும் ஒரே முகம், குணம் மட்டும்..."

கொட்டகை ஊளையிட்டது. "இன்னொரு ரெட்டையா? உலகம் அழிஞ்சும் உனக்கு ரெட்டை ஆசை தீரலையே!" என்று கத்தினார் லுபேகா. "உண்மையைச் சொல்லு, செபோ! யாரு அவ?"

சதுர ஓட்டையில் கை வந்தது. ஒன்று. இரண்டு. மூன்று. நகிபூக்கா திரும்பிப் பார்க்கவில்லை. அவளுடைய முதுகு மட்டும் நிமிர்ந்தது.

"எனக்குத் தெரியாது" என்றது மைக். இருபது வருஷத்தில் முதல் தடவையாக அந்தக் குரல் சின்னதாக இருந்தது. "இந்த எபிசோடை நான் பாக்கல. யாரும் சாகலைன்னு தள்ளிட்டேன். அவ உளவாளி இல்ல. நான்தான் அப்படிச் சொன்னேன்."

யாரோ செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. லுபேகா எழுந்து நின்றார். "அட, பாக்கலேன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா என்ன? நாங்களே கேட்டுட்டு வந்து சொல்லியிருப்போமே. சரி, ஓட்டு. ஓட்டு."

ஓட்டினார். ஆனால் அந்த எபிசோடின் நடுவில் பதினோரு நிமிஷம் யாருமே பேசுவதில்லை. டும்பாவின் கை வெளியே வந்து வந்து உள்ளே போனது. மூன்றாவது விரலுக்கு மேல் அவரால் எப்படிப் பொறுக்க முடியும்? "நம்பூசி தட்டை எடுக்கறா... லாரி இஞ்சின் எண்ணெய் வேணுங்கறவங்க பெட்ரோல் பங்க் பின்னால..."

"வாயை மூடு டும்பா! அவங்க சாப்பிடறாங்க!" என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு கிழவர் அதட்டினார். "சாப்பிடறவங்க எதிர்ல என்ன பேச்சு? உன்னை வளர்த்தவங்க சொல்லித் தரலியா?"

டும்பாவை வளர்த்தவர்கள் அகப்பைக் காம்பால் அடித்துச் சொல்லித் தந்திருந்தார்கள். கை உள்ளே போய்விட்டது. டும்பாவின் வாய் மூடியது.

அவர் மூடியதும் பெஞ்சுகள் வாயைத் திறந்தன.

"பாத்தியா, எவ்வளவு தடிமனா சீவறா? தோலோட பாதிக் கெழங்கு போவுது."

"கண்ணு சரியில்ல போல அவளுக்கு. வயசாச்சில்ல."

"ஆணியை அப்படி அடிக்காதேய்யா! தகர மடிப்போட மேட்டுல அடி, பள்ளத்துல அடிச்சா மறுபடி ஒழுகும்!"

"உப்பு போட்டாளா?"

"உலகமே அழிஞ்சிருக்கு, உப்புக்கு எங்க போவா?"

"அவரு ஏன் மூஞ்சியைச் சுளிக்காம தின்னறாரு? உப்பில்லாத கெழங்கு!"

"அதான் மாப்ளே" என்றார் கிழவர். "பிடிச்சுப்போச்சு."

யாரும் சாகவில்லை என்று முதலில் இரண்டு தடவை முறையிட்ட லுபேகா, கடைசியில், இவர்கள் கல்யாணத்தை யார் நடத்திவைப்பார்கள், ஊரில் பாதிரியார் யாரும் மிச்சமில்லையே என்று பக்கத்து ஆளிடம் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். கூண்டுக்குள் டும்பா கோட்டின் ரோமக் கழுத்தைத் தளர்த்திவிட்டுக்கொண்டார். தன் மைக் இல்லாமலே ஒரு கொட்டகை இவ்வளவு பேசும் என்று அவருக்குத் தெரியாது. பெருமையா வயிற்றெரிச்சலா என்று அவருக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை.

எட்டாவதில் நம்பூசி சலோங்கோவிடம் "ஜாக்கிரதையா இரு" என்றாள். டும்பாவும் அப்படியே சொன்னார்.

"அன்னிக்கு வேற மாதிரி சொன்னாளே!" என்றது பெஞ்சு.

"அன்னிக்கு அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது" என்றார் டும்பா. சிரித்துவிட்டு மன்னித்தார்கள்.

ஒன்பதாவது. தகரமூஞ்சிகள் துப்பாக்கியைத் தூக்கினார்கள். சோடா மூடி டும்பாவின் கையில் தயாராக இருந்தது. மைக்குக்குப் பக்கத்தில் போய் நின்றது. தட்டவில்லை. படத்தின் சொந்தத் துப்பாக்கி ஒன்று, அற்பமாக, பட்டாணி உடைகிற மாதிரி வெடித்தது. நம்பூசி விழுந்தாள். லுபேகா தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். சலோங்கோ குழி வெட்டினான். செருப்பை அணைத்துக்கொண்டான். செருப்புக்குள் என்ன இருந்தது என்று யாரும் கேட்கவில்லை.

அழுகை மட்டும் வரவில்லை. வாசலில் நலுமான்சி கழுத்துக் கயிற்றைப் பிடித்தபடி பெஞ்சுகளை வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் இறுகிப்போய் உட்கார்ந்திருந்தார்கள். ஐந்து நிமிஷம்தான் மிச்சம். டும்பாவின் நாக்கில் நாலு வகை அழுகையும் வந்து நின்றன. எதை எடுத்துவிட்டாலும் சிரித்துவிடுவார்கள்.

திரையில் மூன்று நாள் பட்டினிக்குப் பிறகு சலோங்கோ அந்த வீட்டுக்குத் தனியாகத் திரும்பினான். அடுப்படியில் உட்கார்ந்தான். அவளுடைய கத்தியை எடுத்து ஒரு கிழங்கைச் சீவத் தொடங்கினான். தடிமனாக. அவள் சீவினது மாதிரியே.

"தோலோட பாதி..." என்று ஆரம்பித்தாள் முதல் பெஞ்சில் நகிபூக்கா. அவளால் முடிக்க முடியவில்லை. கூடையை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டாள். அடுத்த பெஞ்சில் ஒரு மூக்கு உறிஞ்சியது. பிறகு பின் வரிசையில் ஒன்று. லுபேகா தொப்பிக்குள் முகத்தைப் புதைத்தார். வாசலில் நலுமான்சி கயிற்றை விட்டுவிட்டு, கோமேசியின் பட்டை நுனியைத் தேடிக்கொண்டிருந்தாள்.

சலோங்கோ பேசவில்லை. கிழங்கைச் சீவிக்கொண்டே இருந்தான்.

சதுர ஓட்டையில் கை வெளியே வந்தது. ஒன்று. இரண்டு. மூன்று. இனி குரல் வரும் என்று பழக்கத்தில் எல்லாக் கழுத்துகளும் கொஞ்சம் சுருங்கின. நீண்ட மூன்று விரல்களும் ஒரு கணம் அப்படியே நின்றன. பிறகு மெதுவாக மடங்கின. கை உள்ளே போகவில்லை. மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கியது.